வந்த நீரும் போகும் நீரும்

நேற்றுக் காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை நீங்கள் எத்தனை லிட்டர் தண்ணீர் செலவழித்தீர்கள்? ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குடித்தது, குளித்தது, துணி துவைத்தது, பாத்திரம் கழுவியது, கழிவறையில் ஊற்றியது என்று வரிசையாக எழுதுங்கள். வாளி எத்தனை லிட்டர் கொள்ளும் என்று தெரிந்தால் விடை எளிதாகக் கிடைத்துவிடும்.

ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை. மளிகைக் கடைக்காரரின் பேரேட்டில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் இருக்கும். தண்ணீருக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. வந்த நீர் எங்கிருந்து வந்தது? போன நீர் எங்கே போனது? முதல் கேள்வியைக் குழாயில் தண்ணீர் வராத அன்று எல்லாரும் கேட்கிறோம். இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் குறைவு.

நான் திருப்பருத்திக்குன்றத்தில் குடியிருப்பவன். காஞ்சிபுரத்தின் ஓரத்தில், வேகவதி ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். பெயரில் பருத்தி இருந்தாலும் சுற்றுவட்டாரம் முழுவதும் பட்டுத்தறிதான். சமணக் காஞ்சி என்று புகழ் பெற்ற ஊர் இது. இங்குள்ள வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அரசின் அமைச்சர் இருகப்பர் 1387-ல் கட்டுவித்தார். அதன் விதானத்து ஓவியங்களைக் காண இன்றும் பலர் வருகிறார்கள். ஆனால் நான் இப்போது உங்களை அழைத்துச் செல்லப்போவது மண்ணுக்கு மேலே உள்ள காட்சிகளுக்கு அல்ல. மண்ணுக்குள் ஓடும் இரண்டு குழாய்களுக்கு.

முதலில் ஒரு கணக்கு

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தேவை என்பது நம் நாட்டுப் பொறியாளர்கள் கையாளும் அளவு. அதில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்று அவர்கள் கொள்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி காஞ்சிபுரம் நகரில் சுமார் 1,64,000 பேர் இருந்தார்கள். பெருக்கிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2 கோடியே 21 லட்சம் லிட்டர் நீர் வர வேண்டும். 1 கோடியே 77 லட்சம் லிட்டர் கழிவாக வெளியேறும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் இதை ஏற்றினால் நாள்தோறும் 1,476 லாரிகள் வேண்டும்!

இது பழைய மக்கள்தொகைக்குப் போட்ட கணக்கு. 2021-ல் காஞ்சிபுரம் மாநகராட்சியாக உயர்ந்தது. இது யாத்திரைத் தலமும் ஆகும். 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் தரிசனத்துக்கு நாள்தோறும் லட்சக்கணக்கானோர் வந்தபோது, அவர்கள் குடித்ததற்கும் கழித்ததற்கும் இந்த நகரமே இடம் தர வேண்டியிருந்தது. உள்ளூர்த் தலைகளை மட்டும் எண்ணிக் குழாய் போட்டால் கோயில் நகரத்துக்குப் போதாது.

மணலே தொட்டி

வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். காஞ்சிபுரத்தின் குடிநீர் பெரும்பாலும் பாலாற்றையும் வேகவதியையும் நம்பியது. ஓரிக்கை, திருப்பாற்கடல் ஆகிய இடங்களில் நீரேற்று நிலையங்கள் உள்ளன. பாலாற்றை நேரில் பார்த்தவர்கள், "அங்கே தண்ணீர் ஏது? வெறும் மணல்தானே?" என்று கேட்பார்கள். அந்த மணல்தான் தொட்டி!

ஒரு கண்ணாடித் தம்ளர் நிறைய உலர்ந்த ஆற்றுமணலை நிரப்புங்கள். அதில் அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். தம்ளரின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர் உள்ளே போய்விடும். மணல் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் அவ்வளவு. மழைக்காலத்தில் வரும் வெள்ளம் இப்படித்தான் மணலுக்குள் இறங்கித் தங்குகிறது. வெயில் அதை எளிதில் ஆவியாக்க முடியாது. மணல் அதை வடிகட்டியும் தருகிறது. ஆற்றுப்படுகையில் கிணறு தோண்டி, மணலுக்குள் ஓடும் நீரை அதில் ஊறவிட்டு இறைக்கிறார்கள்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். ஆற்றிலிருந்து மூன்று லாரி மணலை அள்ளிக்கொண்டு போனால், ஏறத்தாழ ஒரு லாரி தண்ணீர் தங்கும் இடமும் அதோடு போகிறது. மணலுக்குக் கொடுத்த விலையில் இந்த இழப்பை யாரும் சேர்ப்பதில்லை.

நீரைத் தேக்கி வாழும் கலை இந்த வட்டாரத்துக்குப் புதியதல்ல. காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் சேர்ந்த அக்கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலைப் பற்றிக் கூறுகின்றன. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஏரி வாரியம் என்று ஒன்று இருந்தது. ஏரியைக் கவனிக்கவே ஊரார் ஒரு குழு வைத்திருந்தார்கள்! ஆனால் கழிவுநீரைக் கவனிக்க ஒரு வாரியம் அன்று வேண்டியிருக்கவில்லை. வீட்டுத் தோட்டமும் வயலும் அதை ஏற்றுக்கொண்டன. ஊர் நெருங்கி வளர்ந்து தோட்டம் மறைந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

கொசு கட்டவைத்த சாக்கடை

காஞ்சிபுரத்துக்குப் பாதாளச் சாக்கடை வந்த கதை விசித்திரமானது. அழகுக்காக அது வரவில்லை. துர்நாற்றம் பொறுக்காமலும் வரவில்லை. யானைக்கால் நோய்க்காக வந்தது. இந்நோய் மிகக் கடுமையாகப் பரவியுள்ள நகரங்களில் ஒன்றாக 1970-ல் காஞ்சிபுரம் அடையாளம் காணப்பட்டது. 1975-ல் பாதாளச் சாக்கடைத் திட்டம் செயல்படுத்தப்பட்டது.

யானைக்காலுக்கும் சாக்கடைக்கும் என்ன தொடர்பு? அந்நோய்க்குக் காரணம் நூல் போன்ற ஒரு புழு. அது மனிதனின் நிணநீர் நாளங்களில் பல ஆண்டுகள் உயிர் வாழ்கிறது. அதன் நுண்ணிய குஞ்சுகள் இரவு நேரத்தில் இரத்தத்தில் உலா வருகின்றன. ஆகவேதான் சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வீடு வீடாக வந்து இரத்தம் எடுத்துப் பரிசோதிப்பார்கள். க்யூலெக்ஸ் என்னும் கொசு இரவில் கடிக்கும்போது அந்தக் குஞ்சுகள் அதன் வயிற்றுக்குள் போகின்றன. சுமார் பன்னிரண்டு நாட்கள் கொசுவின் உடலில் வளர்ந்து, கொசு அடுத்தவரைக் கடிக்கும்போது அவர் உடலில் நுழைகின்றன. கொசுவின் உடலில் இப்புழு வளர்கிறது என்பதை 1877-ல் சீனாவில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். மலேரியாவில் கொசுவின் பங்கை ரொனால்டு ராஸ் நம் நாட்டில் மெய்ப்பித்ததற்கு இருபது ஆண்டுகள் முந்தைய செய்தி இது.

இந்த க்யூலெக்ஸ் கொசு தெளிந்த நீரைத் தேடுவதில்லை. தேங்கிய அழுக்கு நீரே அதற்குப் பிள்ளைப்பேற்று மனை. நூறு, இருநூறு முட்டைகளை ஒரு சிறு தெப்பம்போல் ஒட்டி நீரின்மேல் மிதக்கவிடும். வெப்பமான நாட்களில் பத்து நாட்களுக்குள் அவை கொசுக்களாகப் பறந்துவிடும்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். யானைக்கால் புழு கொசுவின் உடலில் வளருமே தவிரப் பெருகுவதில்லை. ஆகவே ஒன்றிரண்டு கடியில் நோய் பெரும்பாலும் வருவதில்லை. நெடுங்காலம் பலமுறை கடிபட வேண்டும். அப்படியானால் கொசுக்களை அடியோடு ஒழிக்க முடியாவிட்டாலும், அவற்றின் எண்ணிக்கையை நன்றாகக் குறைத்தாலே நோயின் சங்கிலி அறுந்துவிடும் அல்லவா? திறந்த சாக்கடையை மூடிய குழாயாக்கியதன் பயன் இதுதான். பிற்காலத்தில் ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுக்கும் திட்டமும் சேர்ந்தது. அன்று தெருவுக்குத் தெரு காணப்பட்ட நோய் இன்று பெருமளவு குறைந்துவிட்டது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. குழாய் அடைத்து, கழிவு மறுபடி தெருவோரம் தேங்கினால் க்யூலெக்ஸ் மறுபடி வரும். கொசு வரலாறு படிப்பதில்லை!

குழாய் ஏன் அடைக்கிறது?

சாக்கடைக் குழாயை ஓட்டுவது மின்சாரமன்று, புவியீர்ப்பு. குழாயைச் சரிவாகப் பதிக்கிறார்கள். நீர் விநாடிக்குக் குறைந்தது 0.6 மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் மணலும் கசடும் அடியில் படியாமல் அடித்துச் செல்லப்படும். இதைத் தானே துலக்கும் வேகம் என்று சொல்லலாம். தெருவில் பதிக்கும் சிறிய குழாய்க்கு இந்த வேகம் கிடைக்க, ஏறத்தாழ 200 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம் வேண்டும். அப்படியானால் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் 5 மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். காஞ்சியோ தட்டையான தரை கொண்ட ஊர். இன்னும் தோண்டிக்கொண்டே போக முடியுமா? முடியாது. அங்கங்கே கிணறு கட்டிக் கழிவைச் சேர்த்து, மோட்டார் வைத்து மேலே ஏற்றி, மறுபடி சரிவில் விட வேண்டும். அந்த ஒரு மோட்டார் நின்றால் பின்னால் உள்ள தெருக்களில் மூடி வழியே கழிவு பொங்கும்.

நெகிழித் தாள், பழந்துணி, எண்ணெய்ப் பிசுக்கு, வீடு கட்டிய மணல் ஆகியவை உள்ளே போனால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் கசடு படிகிறது. கசடு படிந்தால் வேகம் மேலும் குறைகிறது. மழைநீரையும் இதே குழாயில் திருப்பிவிட்டால் குழாய் கொள்ளாமல் பொங்குகிறது. மாறாக, கழிவை மழைநீர்க் கால்வாயில் விட்டால் கால்வாய் சாக்கடையாகிறது. நகரின் ஊடே செல்லும் மஞ்சள் நீர்க் கால்வாய் பல்லாண்டுகள் கழிவைச் சுமந்த கதையைக் காஞ்சிபுரத்தார் அறிவார்கள்.

படிந்த கசடு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு பிறக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் கொண்ட இவ்வாயுவை ஆய்வுக்கூடத்தில் முகர்ந்திருப்பீர்கள். இதற்கு ஒரு கொடிய குணம் உண்டு. காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவை எட்டினால் அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை, ஆபத்து நீங்கியது என்று எண்ணி இறங்குகிறவர் மயங்கி விழுவார். காற்றைவிடக் கனமான வாயு ஆதலால் குழியின் அடியிலேயே தங்கும். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் விழுவார். நாடெங்கும் இப்படி மாண்ட தொழிலாளர் பலர். பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. கேரள இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பேண்டிகூட்' என்ற இயந்திரம் குழிக்குள் இறங்கி அடைப்பை எடுக்கிறது. நீங்கள் சாக்கடையில் போடும் ஒரு நெகிழிப் பை, கடைசியில் யாரோ ஒருவரின் மூச்சோடு மோதக்கூடும் என்பது நினைவிருக்கட்டும்.

இரண்டு குழாய்களும் சந்தித்தால்?

குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒரே தெருவில், சில அடி இடைவெளியில் படுத்திருக்கின்றன. நம் ஊர்களில் குடிநீர் முறை வைத்துச் சில மணி நேரமே வருகிறது. தண்ணீர் வரும்போது குழாயில் அழுத்தம் இருக்கும். விரிசல் இருந்தால் நீர் வெளியே கசியும். தண்ணீர் நின்றபின் அழுத்தம் போய்விடும். அப்போது வெளியே உள்ள ஈரம் அதே விரிசல் வழியே உள்ளே வரும். யாராவது வீட்டுக் குழாயில் நேராக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினால் இது இன்னும் விரைவாக நடக்கும்.

நம்ப முடியவில்லையா? ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றில் சிறு நெகிழிக் குழாயைப் பொருத்துங்கள். குழாயின் நடுவே குண்டூசியால் ஒரு துளை இடுங்கள். துளை உள்ள பகுதி, மை கலந்த நீர் உள்ள கிண்ணத்துக்குள் மூழ்கட்டும். குழாயின் மறுமுனை நல்ல நீரில் இருக்கட்டும். சிரிஞ்சில் நல்ல நீரை நிரப்பி அழுத்துங்கள். துளை வழியே நல்ல நீர் வெளியேறும். இப்போது மெல்ல இழுங்கள். சிரிஞ்சுக்குள் மை நிறம் வருவதைக் காண்பீர்கள்! மையின் இடத்தில் சாக்கடை நீரை வைத்து எண்ணிப் பாருங்கள். 1854-ல் லண்டன் நகரில் பிராட் தெருவின் அடிகுழாய் ஒன்றே காலராவைப் பரப்பியது என்று டாக்டர் ஜான் ஸ்நோ காட்டியதும் இத்தகைய கலப்பைத்தான்.

எங்கள் ஊரில் இதற்குப் பொருத்தமான ஒரு பழைய வழக்கம் உண்டு. சமணர்கள் தண்ணீரைத் துணியில் வடிகட்டியே குடிப்பார்கள். சிற்றுயிருக்குத் தீங்கு செய்யலாகாது என்ற அறம் அதன் அடிப்படை. அது மனிதனையும் காத்தது! நரம்புச் சிலந்தி நோயைச் சுமந்து திரியும் சைக்ளாப்ஸ் என்னும் நீர்ப்பூச்சியைத் துணி தடுத்துவிடும். வடிகட்டிக் குடிக்கும்படி கிராமம் கிராமமாகச் சொல்லிக்கொடுத்தது அந்நோயை ஒழித்த வழிகளுள் ஒன்று. 2000-ல் இந்தியா நரம்புச் சிலந்தி அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் துணிக்கு எல்லை உண்டு. பாக்டீரியாவும் வைரசும் துணியின் இழைகளுக்கு இடையே எளிதில் புகுந்துவிடும். அவற்றுக்குக் கொதிக்கவைப்பதும் குளோரினும்தான் மருந்து.

பட்டும் தண்ணீரும்

காஞ்சிப் பட்டின் மினுக்குக்குப் பாலாற்றுத் தண்ணீரே காரணம் என்று சாயம் தோய்க்கும் பெரியவர்கள் சொல்வார்கள். தண்ணீரின் தன்மை பட்டைப் பாதிப்பது உண்மையே. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரையாகத் திரிந்து நூலில் ஒட்டும்.

கச்சாப் பட்டு நூலின்மேல் செரிசின் என்ற இயற்கைப் பசை இருக்கிறது. நூலின் எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை இந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் இட்ட வெந்நீரில் அதை நீக்கிய பிறகே சாயம் ஏற்றுவார்கள். 100 கிலோ கச்சாப் பட்டைக் காய்ச்சினால் 20 கிலோவுக்குக் குறையாத பசை நீரோடு போகும். அது நஞ்சன்று, புரதம்தான். ஆனால் ஆற்றில் கலந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகி, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீனுக்கு மூச்சு இராது.

இதையும் சோதிக்கலாம். இரண்டு சிறு குப்பிகளில் குளத்து நீரை நிரப்புங்கள். ஒன்றில் மட்டும் சில துளி பால் விடுங்கள். இரண்டிலும் ஒரு துளி மெதிலீன் நீலக் கரைசல் சேர்த்து, இறுக மூடி நிழலில் வையுங்கள். பால் கலந்த குப்பியில் நீலம் முன்னதாக மறையும். ஆக்சிஜன் தீர்ந்ததன் அடையாளம் அது.

கெட்ட நீர் நெசவாளியிடமே திரும்பி வருகிறது. குழித்தறியில் நெசவாளி கால்களைக் குழிக்குள் வைத்தல்லவா மிதியை இயக்குகிறார்? அடைமழையில் தெருச் சாக்கடை பொங்கினால் முதலில் நிறைவது தறிக்குழி. ஈரம் ஏறிய பாவில் வேலை ஓடாது. வேலை ஓடாத நாளுக்குக் கூலி இல்லை.

ஒரு குடிமகனின் கருத்து

இனி என் கருத்தைச் சொல்கிறேன். சரியா என்று நீங்களே எடைபோடுங்கள். புதிய குழாய் பதிப்பதைப்போலவே பழைய குழாயைப் பேணுவதற்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். திறப்பு விழா குழாய்க்கு ஒருநாள்தான். வேலை ஐம்பது ஆண்டுகளுக்கு. மழைநீர் வழியும் கழிவுநீர் வழியும் எங்கும் கலக்கக் கூடாது. சாயக் கழிவைப் பட்டறைகள் கூட்டாகச் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும்.

தெருவில் குழாய் இருந்தும் வீட்டு இணைப்பு இல்லாவிட்டால் பயன் இல்லை. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் குடும்பத்தால் இணைப்புக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்ட இயலாது; சிறு தவணைகளில் வாங்கினால் இணைவார்கள். நகர ஓரத்துச் சிற்றூர்களையும் மறந்துவிடலாகாது. செப்டிக் டேங்குக்குப் பக்கத்திலேயே ஆழ்குழாய்க் கிணறு போட்டால், நமக்கு நீர் தரும் அதே மணல் கழிவையும் கிணற்றுக்குக் கொண்டுவரும். மணல் கசடை வடிகட்டும். அதில் கரைந்துள்ள நைட்ரேட்டை வடிகட்டாது.

"இவை பெரியவர்கள் செய்ய வேண்டியவை, எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. உங்கள் தெருவின் வரைபடம் ஒன்றை வரையுங்கள். குடிநீர் வரும் நேரம், கசியும் இடம், சாக்கடை மூடி, பொங்கும் இடம், நீர் தேங்கும் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். குழாய் நீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கக் குளோரோஸ்கோப் என்ற சிறு கருவி உள்ளாட்சிப் பணியாளர்களிடம் இருக்கும். உங்கள் அறிவியல் ஆசிரியர் கேட்டால் செய்து காட்டுவார்கள். நீரில் மருந்துத் துளிகளை விட்டால் மஞ்சள் நிறம் தோன்றும். தெருவின் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். முதல் வீட்டில் மஞ்சளும் கடைசி வீட்டில் நிறமின்மையும் கண்டால், நடுவே அழுக்கு நுழைகிறதோ என்று ஐயுறக் காரணம் உண்டு.

மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என இரண்டு படங்கள் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பொங்கும் இடங்களும் நிறமற்ற குழாய்களும் அருகருகே விழுகின்றனவா? விழுந்தால் அந்தப் படத்தின் நகலை உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். அடுத்து எந்தத் தெருவைத் தோண்ட வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான மனு வேறில்லை.